தலையில் ஆணி அடித்த ராஜா: 1749 ரியோ 6400 ரெய்ஸ் வாங்கலாமா?

தேஜோக்கரை (ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் வணக்கம். லிஸ்பனுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் செம்பும் வெள்ளியும்தான் வாங்கியிருக்கேன், தங்கம் பக்கம் போனதே இல்ல. இன்னிக்குக் காலையில காசுக்காரங்க கூடுற இடத்துல ஒரு பெரியவர் தட்டுல ஒண்ணு பார்த்தேன். கண்ணை எடுக்க முடியல.

ஒரு பக்கம் சுருட்டை முடியோட வலப்பக்கம் பார்க்கிற ராஜா. கீழே 1749, பக்கத்துல ‘ஆர்’னு ஒரு எழுத்து. மறுபக்கம் கிரீடம் வைச்ச கேடயம், எழுத்தே கிடையாது. தேய்மானம் மிதமா இருக்கு. ஆனா ராஜாவோட கன்னத்துல, காதுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவுக்கு ஒரு வட்டம். சுத்தியிருக்கிற தங்கத்தைவிட லேசா சிவப்பு. திருப்பினா கேடயத்துலயும் அதே வட்டம். அதாவது ஓட்டை போட்டு அடைச்சிருக்காங்க. பெரியவரும் மறைக்கல, “ஃபூரு தப்பாது”ன்னு சொல்லிட்டார். அடைச்ச ஓட்டைன்னு அர்த்தம். அதனாலதான் விலையும் தங்க மதிப்புக்கு மேல கொஞ்சம்தான் கேட்கிறார்.

வாங்கலாமா? இல்ல, இது ஊனமான காசுன்னு விட்டுடலாமா? அடுத்த ஞாயிறு வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்கார்.

பழங்காசு மணி (ஞாயிறு இரவு)

தம்பி, முதல் கேள்வி எடை. அதைச் சொல்லாமல் தங்கக் காசைப் பற்றிப் பேசுவது ஜாதகம் பார்க்காமல் பொருத்தம் சொல்வது மாதிரி.

நீங்கள் பார்த்தது ‘பெசா’. போர்த்துகீசியத்தில் வெறுமனே ‘துண்டு’ என்றுதான் பொருள். ஆவணப்படி நாலு எஸ்கூடோ, 6400 ரெய்ஸ் (இரண்டும் அன்றைய போர்த்துகல் பண அலகுகள்). படத்தில் இருப்பவர் போர்த்துகல் ராஜா ஐந்தாம் ஜுவாவ். ‘ஆர்’ என்றால் ரியோ டி ஜெனீரோ அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். ‘பி’ இருந்தால் பாயியா, ‘எம்’ இருந்தால் மினாஸ் ஜெராய்ஸ். லிஸ்பனில் அடித்ததில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. புதிதாக இருந்தபோது இதன் எடை 14.34 கிராம். 1722 முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இதே எடை, இதே மாற்று. ஐரோப்பாவில் அன்றைக்கு இவ்வளவு நம்பிக்கையாகக் கைமாறிய காசுகள் அதிகமில்லை. நீங்கள் சொல்வது அரிய வருடமும் இல்லை, ரியோவில் நிறைய அடித்திருக்கிறார்கள். அந்த அடைப்புதான் விஷயம். பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள்.

சல்லிக்காசு (ஞாயிறு இரவு)

கன்னத்துல ஓட்டை, அதுல தங்கம். ராஜாவுக்குப் பல் டாக்டர் கொஞ்சம் மேலே அடைச்சுட்டார் போல.

கல்லுப்பட்டறை (திங்கள் காலை)

நான் பட்டறைக்காரன், வரலாறெல்லாம் மணி ஐயா பார்த்துக்குவார். கணக்கு மட்டும் சொல்றேன். 14.34 கிராம், 22 காரட், அதாவது நம்ம 916. சுத்தத் தங்கம் 13.15 கிராம் வரும். நம்ம எட்டு கிராம் பவுன் கணக்குல ஒரு பவுனும் முக்காலும், அதுக்கு மேல கொஞ்சம். தேய்ஞ்ச எடைக்கு இதைக் குறைச்சுக்கோங்க. யாராவது “பழைய காசு, சுத்த 24”னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. பிரேசில் காசு எதுவும் 24 கிடையாது.

சல்லிக்காசு (திங்கள் காலை)

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். போர்த்துகல் நம்ம தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. அங்க தங்கச் சுரங்கம் இருக்கிறதாப் படிச்சதே இல்ல. இவ்வளவு காசு எங்கிருந்து?

பழங்காசு மணி (திங்கள் மதியம்)

நல்ல கேள்வி, சல்லி. இதற்கு இரண்டு பதில். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 240 வருடம்.

முதலாவது ஆப்பிரிக்கா. 1453-ல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கைக்குப் போனதும் போப்பாண்டவர் சிலுவைப் போருக்கு அழைத்தார். போர்த்துகல் ராஜா ஐந்தாம் அஃபோன்சு “நான் வருகிறேன்” என்று சொல்லி, போர்ச் செலவுக்காக 1457-ல் ஒரு தங்கக் காசு அடித்தார். பெயரே ‘குருசாடோ’, சிலுவைக்காசு. போர் நடக்கவில்லை, காசு நிலைத்துவிட்டது. மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். அந்தத் தங்கம் கினி கடற்கரையிலிருந்து வந்தது. 1482-ல் இன்றைய கானாவில் எல்மினாக் கோட்டை கட்டியதும் வரத்து இன்னும் கூடியது. பித்தளை வளையலும் துணியும் கொடுத்துவிட்டுத் தங்கப் பொடி வாங்கினார்கள்.

அடுத்து ராஜா மனுவேல். வாஸ்கோ ட காமா இந்தியாவிலிருந்து திரும்பி வந்த 1499-லேயே இந்த ராஜா பத்துக் குருசாடோ மதிப்பில் ‘போர்த்துகேஸ்’ என்று ஒரு தட்டைப் போட்டார். 35 கிராம். அதில் தன் பட்டங்களை எழுதிக் கொள்ள ஒரு சுற்று போதவில்லை, இரண்டு சுற்று எழுதியிருக்கிறார். கினியின் அரசன், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியாவின் கடலோட்டத்துக்கும் வணிகத்துக்கும் தலைவன். இந்தியாவில் அப்போது அவருக்கு ஒரு கோட்டைகூடக் கிடையாது! கையில் பிடிக்க ஒரு சாண் இல்லாதபோதே காசில் எழுதிவிட்டார். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பட்டம் போட்டுக்கொள்பவர்களுக்கு இவர்தான் முப்பாட்டன்.

இரண்டாவது பதில், அன்றைக்குப் போர்த்துகல் கையில் இருந்த பிரேசில். 1690-களில் மினாஸ் ஜெராய்ஸ் மலை ஓடைகளில் தங்கம் கிடைத்தது. தம்பி பார்த்த காசு அந்தத் தங்கம்.

வல்வெட்டி (திங்கள் இரவு)

மணி ஐயா சொன்ன அந்தப் பெரிய ‘போர்த்துகேஸ்’ காசைப் பற்றி ஒரு கதை சொல்ல வேணும்.

2008-ல் நமீபியாவில, கடலை அணை கட்டி மறிச்சு வைரம் தோண்டுற இடத்தில ஒரு பழைய கப்பல் வெளிப்பட்டது. ரெண்டாயிரத்துக்கும் மேல தங்கக் காசு, செப்புப் பாளங்கள், நூறுக்கும் மேல யானைத் தந்தம். காசுகளில பெரும்பகுதி ஸ்பானியாக்காரற்றை. ஆனால் காலத்தைக் காட்டிக் குடுத்தது கொஞ்சம் போர்த்துகேஸ் காசுகள்தான். அதில மூன்றாம் ஜுவாவின்ரை பேர் இருந்தது. அவரின்ரை காலத்து போர்த்துகேஸ் 1525-க்கும் 1538-க்கும் இடையிலதான் புழங்கினது. பிறகு அரசே திருப்பி வாங்கி உருக்கிப் போட்டுது. அப்ப கப்பல் அந்தப் பதின்மூன்று வருசத்துக்குள்ள மூழ்கியிருக்க வேணும். 1533-ல லிஸ்பனில இருந்து இந்தியாவுக்கு வெளிக்கிட்டுக் காணாமல் போன ‘போம் ஜெசுஸ்’ எண்டு ஆய்வாளர்கள் கருதுகினம்.

யோசிச்சுப் பாருங்கோ. இந்தியாவுக்கு மிளகு வாங்கப் போன காசு. வந்து சேர்ந்திருந்தால் கொச்சியிலோ கோவாவிலோ உருகியிருக்கும். மூழ்கினதாலதான் தப்பிச்சது.

பழங்காசு மணி (திங்கள் இரவு)

அருமை, வல்வெட்டி. கோவா என்றதும் இன்னொன்று. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோவா அக்கசாலையில் புனித தோமையார் உருவத்தோடு தங்கக் காசு அடித்தார்கள். பெயர் ‘சான் தொமே’. ஏன் தோமையார்? 1520-களில் மயிலாப்பூரில் அவர் கல்லறையைப் போர்த்துகீசியர் தோண்டிப் பார்த்த செய்திதான் காரணம். சென்னை சாந்தோம் என்ற பெயரும் இந்தக் காசின் பெயரும் ஒன்றே. பிற்காலத்தில் உருவம் போய்த் தோமையார் சிலுவை மட்டும் நின்றது. 12 செராஃபிம் காசு என்று 19-ஆம் நூற்றாண்டிலும் அடித்தார்கள், ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ‘செராஃபிம்’ வேறொன்றும் இல்லை, நம் ‘அஷ்ரஃபி’ என்ற தங்கக் காசின் பெயர்தான் நாக்கு புரளாமல் அப்படி ஆனது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் கோவாத் தங்கத்தில் கை வைக்காதீர்கள். போலி அதிகம், அச்சும் கரடுமுரடு, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க அனுபவம் வேண்டும்.

மலையருவி (செவ்வாய் காலை)

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். “மலை ஓடையில் தங்கம் கிடைத்தது” என்று மணி ஐயா ஒரே வரியில் தாண்டிவிட்டார். யாருக்குக் கிடைத்தது? இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று ‘பட்டேயா’ என்ற மரத்தட்டில் மணலை அலசியவர்கள் அடிமைகள். அதிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் மினா கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு மினாஸில் தனிக் கிராக்கி. தங்கம் எடுக்கத் தெரிந்தவர்கள் என்று பெயர். முதல் தங்கம் எந்தக் கரையிலிருந்து வந்ததோ, அந்தக் கரைப் பக்கத்து ஆட்களையே கடல் தாண்டிக் கொண்டுபோய் இரண்டாவது தங்கத்தையும் எடுக்க வைத்தார்கள். இதைச் சொல்லாமல் காசு வரலாறு பேசினால் பாதிதான் பேசியதாகும்.

கல்லுப்பட்டறை (செவ்வாய் காலை)

டீச்சர், அப்படிப் பார்த்தா எந்தத் தங்கத்தையும் தொட முடியாது. இது காசு பேசுற இடம்.

மலையருவி (செவ்வாய் மதியம்)

தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லையே, அண்ணா. எனக்கும் காசு பிடிக்கும், என்னிடமும் மூன்று வெள்ளிக்காசு இருக்கிறது. நான் சொல்வதும் காசைப் பற்றித்தான். எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. ‘கிந்து’ என்ற வரி. அதைக் கட்டாமல் கடத்த என்னென்னவோ செய்தார்கள். உள்ளே குடைந்த மரச் சாமி சிலைகளில் தங்கப்பொடியை நிரப்பி அனுப்பினார்கள் என்று ஒரு பேச்சு. பிரேசிலில் இன்றும் நல்லவன் மாதிரி நடிப்பவனைக் ‘குடைந்த மரச் சாமி’ என்றுதான் சொல்கிறார்கள். 1720-ல் வரி வசூல் முறையை எதிர்த்து மினாஸின் வில்லா ரிக்கா ஊரில் கலகம். நான்கு வருடத்தில் மினாஸுக்கென்றே தனி அக்கசாலை. தங்கத்தை மலையை விட்டு இறங்கவிடாமல் அங்கேயே காசாக்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். ‘எம்’ எழுத்துக் காசு பிறந்த கதையே இதுதான். 1750-க்குப் பிறகு வருடத்துக்கு 100 அரோபா, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் கட்டியே ஆக வேண்டும் என்றார்கள். ஓடை வற்றிய பிறகும் பாக்கி கேட்டார்கள். 1789-ல் அங்கே போர்த்துகல் ஆட்சிக்கு எதிராக ஒரு சதித்திட்டம் உருவானதற்கும், அதில் இருந்த திராடென்டஸ் 1792-ல் தூக்கில் தொங்கியதற்கும் அந்தப் பாக்கி ஒரு முக்கியக் காரணம்.

நெறியாளர் (செவ்வாய் மதியம்)

இருவரும் சொல்வது இழைக்குப் பொருத்தமானதே. தொடரலாம். ‘டீச்சர்’ என்ற கிண்டல் மட்டும் வேண்டாம்.

கல்லுப்பட்டறை (செவ்வாய் மாலை)

கிண்டல் இல்ல, மரியாதையாத்தான் சொன்னேன். மரச்சாமி சங்கதி எனக்குத் தெரியாது. நல்லா இருந்தது, அக்கா.

தேஜோக்கரை (புதன் இரவு)

பெரியவர் வீட்டுக்கே வரச் சொன்னார், போயிட்டு வந்தேன். எடை 13.98 கிராம். ரெண்டு தராசுல வைச்சுப் பார்த்தாச்சு. பின்பக்கப் படமும் இணைச்சிருக்கேன்.

இன்னொண்ணு. அவர்கிட்ட ‘4000’னு எழுதின தங்கக் காசு ரெண்டு இருந்தது. ரெண்டுலயும் கேடயம், ரெண்டுலயும் சிலுவை. ஆனா ஒண்ணு 10.7 கிராம், இன்னொண்ணு 8 கிராம். ஒரே மதிப்பு எப்படி ரெண்டு எடை? ஒண்ணு போலியா?

பழங்காசு மணி (வியாழன் காலை)

இல்லை, இரண்டும் அசலாகவே இருக்கலாம். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

10.76 கிராம் உள்ளது தாய்நாட்டுக் காசு, ‘மொயெடா’. ஆங்கிலேயர் வாயில் ‘மொய்டோர்’ ஆனது இதுதான். இதன் மேல் 4000 என்று இருந்தாலும் இது 4000-க்குச் செல்லாது, 4800-க்குச் செல்லும்! 1688-ல் மதிப்பை இருபது சதவீதம் உயர்த்தினார்கள், அச்சில் இருந்த எண்ணை மாற்றவில்லை. மாற்றாமலே பல வருடம் அடித்தார்கள்.

எட்டுக் கிராம் உள்ளது பிரேசில் உள்ளூருக்காக அடித்தது. மெலிதாக அடித்து மதிப்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் வியாபாரி அதை லிஸ்பனுக்குக் கொண்டுபோக மாட்டான், நஷ்டம். காசு ஊரிலேயே நிற்கும். எழுத்தைப் படித்தால் பிரித்துவிடலாம். சிலுவைப் பக்கம் ‘இன் ஹோக் சிக்னோ வின்செஸ்’ என்றிருந்தால் தாய்நாட்டு எடை. ‘எத் பிரசீலியே டொமினுஸ்’, பிரேசிலின் தலைவன் என்றிருந்தால் உள்ளூர் எடை. எடைத் தங்கத்துக்கு வாங்குகிறவர்கள் இதைப் படிக்காமல் போனால் இரண்டரை கிராமுக்கு மேல் ஏமாந்துவிடுவார்கள்.

தாய்நாட்டு எடைக் காசைப் பிரேசிலிலும் அடித்தார்கள்; அதில் சிலுவையின் நாலு மூலையிலும் எழுத்து இருக்கிறதா பாருங்கள். நாலு ‘எம்’ இருந்தால் மினாஸ். அந்த வகையில் பெரியண்ணன் 20,000 ரெய்ஸ் ‘தொப்ராவ்’. 1724 முதல் 1727 வரை அடித்தது. 53.78 கிராம். நான் ஒருமுறைதான் கையில் வாங்கிப் பார்த்தேன், ஏலத்துக்கு முந்தின நாள். உள்ளங்கை சட்டென்று கீழே இறங்கியது. ‘ஏலம்’ என்ற சொல்லும் போர்த்துகீசியர் கொடுத்ததுதான். காசை வாங்கவில்லை, சொல்லையாவது வைத்துக்கொண்டோம்.

வல்வெட்டி (வியாழன் இரவு)

13.98!

தம்பி, அவசரப்பட்டு விட்டிடாதையுங்கோ. நான் கனடாவில இருக்கிறதால இந்தப் பக்கத்துக் காசுகளைக் கொஞ்சம் பார்த்திருக்கிறன்.

1703-ல இங்கிலாந்தும் போர்த்துகலும் மெத்துவென் ஒப்பந்தம் போட்டினம். ஆங்கிலக் கம்பளித் துணி போர்த்துகலுக்குப் போகும், போர்த்துகல் வைன் இங்கிலாந்துக்கு வரும். பிரெஞ்சு வைனுக்கு வரி கூட, இதுக்கு மூன்றில ஒரு பங்கு குறைவு. வைன் வித்த காசு துணிக் கடனுக்குப் போதேல்லை. மிச்சத்துக்கு பிரேசில் தங்கம் இங்கிலாந்துக்குப் போனது. லிஸ்பனுக்கும் ஃபால்மத்துக்கும் இடையில ஓடின தபால் கப்பல்களில தங்கம் போய்க்கொண்டே இருந்தது. 4000 ரெய்ஸ் காசு இங்கிலாந்தில 27 ஷில்லிங், உங்கட 6400 ரெய்ஸ் 36 ஷில்லிங். இங்கிலாந்துக் கடைக்காரர் பித்தளையில படிக்கல் செய்து வைச்சிருந்தவை, போர்த்துகல் காசு நிறுக்கவெண்டே. அந்தப் பித்தளைக் கல்லுகள் இண்டைக்கும் சில்லறை விலைக்குக் கிடைக்கும். காசு வாங்க வசதியில்லாதவை கல்லையாவது வாங்கி வையுங்கோ.

அமெரிக்கக் குடியேற்றங்களிலயும் கரீபியன் தீவுகளிலயும் இந்தக் காசுதான் பெரிய காசு. ஜுவாவ் எண்ட பேர் லத்தீனில ‘இயோஆன்னெஸ்’. அதைச் சுருக்கி ‘ஜோ’ எண்டு கூப்பிட்டினம். 12,800 ரெய்ஸ் முழு ஜோ, உங்கட காசு அரை ஜோ. அரை ஜோவுக்கு எட்டு டொலர். ஓரத்தைச் சுரண்டுறவன், வெட்டுறவன் எல்லாம் இருந்ததால் எடை குறைஞ்சுகொண்டே போனது. 1784-ல நியூயோர்க் வங்கி ஒரு கணக்கு வைச்சது: அரை ஜோ ஒன்பது பென்னிவெய்ட் இருக்க வேணும். ஒன்பது பென்னிவெய்ட் எண்டால் 14.0 கிராம்.

எடை கூடின காசைத் தட்டான் வெட்டிக் குறைப்பான். குறைஞ்ச காசில துளை போட்டுத் தங்கம் அடைச்சு எடையைக் கூட்டுவான். பிறகு தன்ரை முத்திரையைக் குத்துவான், “நான் பார்த்தனான், எடை சரி” எண்டு. எப்ரேம் பிராஷர் எண்ட நியூயோர்க் தட்டான் அப்பிடி முத்திரை போட்டவர்களில பேர்போனவர். கரீபியன் தீவுகளிலயும் இதே மாதிரி அடைப்பும் எழுத்தும் உண்டு. உங்கட ராஜாவின்ரை கன்னத்தில இருக்கிறது அப்பிடி ஒரு அடைப்பாக இருக்கலாம். அப்பிடி எண்டால் அது பழுது இல்லை. அமெரிக்காவில சேகரிக்கிறவை அதுக்கெண்டே கூட விலை குடுப்பினம்.

சல்லிக்காசு (வியாழன் இரவு)

பல் டாக்டர் இல்ல, பத்தர்! நான் கிட்டத்தட்ட சரியாத்தான் சொன்னேன்.

பழங்காசு மணி (வெள்ளி காலை)

இருங்கள், இருங்கள். 14.34-ல் தொடங்கிய காசு ஐம்பது அறுபது வருடம் கைமாறித் தேய்ந்தாலே 13.98-க்கு வந்துவிடும். எடை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். போர்த்துகலில் வடக்கே மின்யோப் பக்கத்துப் பெண்கள் கழுத்து நிறையத் தங்கக் காசு கோத்துப் போடுகிறவர்கள். பாதிக் காசுகளில் ஓட்டை இருக்கும். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்து என்ன சொல்கிறார்?

கல்லுப்பட்டறை (வெள்ளி இரவு)

படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்றேன்.

நகைக்காகப் போட்ட ஓட்டைன்னா ராஜா தலைக்கு மேல, ஓரத்துல இருக்கும். அப்பத்தான் தொங்கும்போது மூஞ்சி நேரா நிக்கும். இல்லேன்னா மேல் விளிம்புல வளையம் பத்த வைப்பாங்க. எங்க பாஷையில பொடி வைச்சு ஊதுறது. அந்த இடத்துல பொடி ஓடின தழும்பு எவ்வளவு தேய்ச்சாலும் நிறம் மாறித் தெரியும். உங்க காசுல மேல் விளிம்பு சுத்தமா இருக்கு. கன்னத்துல ஓட்டை போட்டு எவனும் மாலையில கோக்க மாட்டான், ராஜா குப்புற விழுந்துடுவார்.

ரெண்டாவது, இது பொடி வைச்சு ஊதினது இல்ல. வட்டத்தைச் சுத்தி ஒரு மயிரிழைக் கோடு தெரியுது, உருகி ஓடின அடையாளம் இல்ல. தங்கக் கம்பியை உள்ளே விட்டு ரெண்டு பக்கமும் தட்டி விரிச்சிருக்கான். ஆணி அடிக்கிற மாதிரி. அப்புறம் பின்பக்கம் மட்டும் அரம் போட்டிருக்கான், கேடயத்துல குறுக்கே கோடு கோடா இருக்கு பாருங்க. முன்பக்கம் அரம் படவே இல்ல. ராஜா மூஞ்சிங்கிற மரியாதையா, இல்ல அங்க ஏதாவது குத்தியிருக்கானா? லூப், அதான் உருப்பெருக்கிக் கண்ணாடி, வைச்சுப் பாருங்க.

எடை போட்டதோட நிறுத்தாதீங்க, தண்ணி எடையும் பாருங்க. மெல்லிசு நூல்ல கட்டி, தம்ளர் தண்ணியில முழுசா முங்கி அடி தொடாம தொங்கணும். எவ்வளவு குறையுதோ அதால காத்து எடையை வகுங்க. 22 காரட்னா 17.7, 17.8 பக்கம் வரணும். காசுல காத்துக் குமிழி ஒட்டியிருந்தா கணக்கு கெட்டுப்போகும், ஊதித் தட்டிவிடுங்க.

பழங்காசு மணி (வெள்ளி இரவு)

தண்ணீர் எடை தங்கத்தைச் சொல்லும், காசைச் சொல்லாது. சரியான 22 காரட் தங்கத்திலேயே போலி அடிப்பவர்கள் உண்டு. காசு விலை தங்க விலையைவிட மேலே போனால் அதில்தான் அவர்களுக்கு லாபம். எழுத்தின் ஓரம் சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கிறதா, அடித்தளத்தில் ஊசிக்குத்து மாதிரிக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வார்ப்பு. முத்திரை இருந்தால் இன்னும் கவனம். முத்திரைக்குத் தனி விலை என்றதும் பழைய தேய்ந்த ஜோவில் புது முத்திரை குத்துகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

தேஜோக்கரை (ஞாயிறு மதியம்)

வாங்கிட்டேன்.

காலையில எட்டரைக்கே போய் நின்னேன். பெரியவர் அப்பத்தான் மேஜையை விரிச்சுட்டு இருந்தார். லூப்பை எடுத்ததும் சிரிச்சார், “போன வாரம் நீ இதைக் கொண்டு வரலியே”ன்னு. சீட்டுல தரம் ‘பேசே’ன்னு எழுதியிருந்தார். இவங்க வரிசையில ‘பேலா’, ‘சொபெர்பா’ எல்லாம் அதுக்கு எங்கேயோ மேல. அந்த ரெண்டு 4000-மும் தட்டுல இல்ல, யாரோ கொண்டுபோயிட்டாங்க.

வீட்டுக்கு வந்து தண்ணி எடை பார்த்தேன். மூணு தடவை பண்ணினதுல குறைஞ்சது 0.79. வகுத்தா 17.7. பக்கத்துல பழைய தங்கம் வாங்குற கடை ஒண்ணு இருக்கு, அங்க மெஷின்ல வைச்சுக் காட்டினாங்க. காசு 91.6, அடைப்பு மட்டும் 84 பக்கம். அதான் சிவப்பு போல. குழி இல்ல, சோப்பு வழவழப்பும் இல்ல.

இப்போ முக்கியமான சங்கதி. முன்பக்கம் அடைப்பு மேல சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பார்த்தா ஒரு பள்ளம் இருக்கு. நீள்வட்டத்தோட வலது பாதி மாதிரி. அதுக்குள்ள ஒரு செங்குத்துக் கோடு, அதோட மேல்பாதியில ஒரு வளைவு. கீழ்பாதி தேய்ஞ்சு போச்சு. ‘பி’ மாதிரி இருக்கு.

சல்லிக்காசு (ஞாயிறு மதியம்)

பாம்பே ‘பி’யா, பாண்டிச்சேரி ‘பி’யா?

தேஜோக்கரை (ஞாயிறு மதியம்)

அதான் தெரியல. கீழே இன்னொரு வளைவு இருந்திருந்தா பாம்பே. இல்லேன்னா பாண்டிச்சேரி. ஒரு கால் நீட்டியிருந்தா ‘ஆர்’ கூட ஆகலாம்.

வல்வெட்டி (ஞாயிறு மாலை)

பிராஷர் முத்திரையும் நீள்வட்டம்தான், ரெண்டாவது எழுத்து பாம்பே ‘பி’தான். நெஞ்சு பட படெண்டு அடிக்குது எனக்கு.

பழங்காசு மணி (ஞாயிறு இரவு)

உங்கள் நெஞ்சு அடிக்கட்டும், வல்வெட்டி, தம்பியின் கை அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் முத்திரை போட்ட தட்டான்கள் பலர். பாதி நீள்வட்டமும் முக்கால் எழுத்தும் வைத்துப் பெயர் சூட்டக் கூடாது. பட்டறைக்காரர் சொன்னதை வைத்து நான் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான்: நகை ஓட்டை இல்லை, எடை கூட்ட அடித்த ஆணி. எந்த ஊர், எந்தக் கை என்பது வேறு.

இரண்டு விஷயம். துடைக்காதே. எலுமிச்சை, பற்பசை, புளி எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது. அரம் போட்ட கோடும் அந்த முக்கால் எழுத்தும்தான் இப்போது இதன் சொத்து. அப்புறம், ஊருக்கு வரும்போது காட்ட வேண்டும் என்று கொண்டு வந்துவிடாதே. நூறு வருடம் தாண்டிய காசு இந்தியாவுக்குள் வந்தால் 1972 தொல்பொருள் சட்டத்தின் கணக்கில் சேரும், திரும்ப வெளியே எடுத்துப்போவது பெரும்பாடு. லிஸ்பனிலேயே இருக்கட்டும். ரசீது வாங்கினாயா?

தேஜோக்கரை (ஞாயிறு இரவு)

வாங்கினேன் ஐயா. ரசீதுலயும் பெரியவர் “ஃபூரு தப்பாது”ன்னுதான் எழுதியிருக்கார். அட்டை உறைக்குள்ள போட்டு நான் எழுதின சீட்டு இது: “6400 ரெய்ஸ், ரியோ, 1749. 13.98 கிராம். கன்னத்தில் ஆணி, 20 காரட். முத்திரை: பாதி.”

பெரியவர்கிட்ட எங்கிருந்து கிடைச்சதுன்னும் கேட்டேன். மதெய்ராத் தீவுல ஒரு வீட்டுல வாங்கினாராம், முப்பது வருஷத்துக்கு முன்னாடி.

வல்வெட்டி (ஞாயிறு இரவு)

மதெய்ராவா? அங்கத்தை வைன் எல்லாம் அந்தக் காலத்தில நியூயோர்க்குக்கும் கரீபியனுக்கும்தானே போனது! வைன் வித்த காசு திரும்பி வந்திருக்கலாமே, ஐயா?

பழங்காசு மணி (ஞாயிறு இரவு)

வந்திருக்கலாம். நாளைக்குப் பேசுவோம், எனக்குத் தூக்கம் போய்விட்டது.